மேஸ்திரியின் வேலைக் கண்

நூல் மேஸ்திரி என்று சொன்னால்தான் ஆளைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு; அது அடையாள அட்டைக்குள் பத்திரமாக இருந்தது, வெளியே நடமாடுவதில்லை. டைல்ஸ் பதிக்கிற தொழில், முப்பத்திரண்டு வருஷ அனுபவம். மற்ற மேஸ்திரிகள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் நூல் கட்டி, அதை ஒட்டித்தான் முதல் வரிசையை வைப்பார்கள். இவர் நூலைத் தொட மாட்டார். தரையோடு தரையாகப் படுத்து, கன்னம் தரையில் படுகிற மாதிரி தலையைச் சாய்த்து, இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வலது கண்ணால் வரிசையின் ஓரத்தை ஒரு பார்வை பார்ப்பார். “மூணாவது கல்லை ஒரு நூல் உள்ள தட்டு” என்பார். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கைத்தான் மேஸ்திரிகள் ஒரு நூல் என்பார்கள். தட்டினால் சரியாகிவிடும். சந்தேகப்பட்டு யாராவது நூலைக் கட்டிப் பார்த்தால் அது அவர் சொன்னபடியே நிற்கும். நூல் வேண்டாத மேஸ்திரிக்கு நூல் மேஸ்திரி என்று பெயர் வந்த கதை இதுதான்.

இத்தனைக்கும் அவர் சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர். வலது கண்ணில் மைனஸ் பதினொன்று, இடதில் மைனஸ் ஒன்பது. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எதிரில் நிற்பது மனைவியா அலமாரியா என்பதைக் குரல் வந்த பிறகுதான் முடிவு செய்வார். ஆனால் கண்ணாடி மூக்கில் ஏறிவிட்டால் ஊரில் அவருக்கு நிகர் கிடையாது. அதை அவரே எல்லாரிடமும் சொல்வார் என்பதால் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டிய சிரமம் இருந்ததில்லை. வலது கண் வேலைக்கு, இடது கண் சாப்பிடுவதற்கும் சண்டை போடுவதற்கும் என்று பிரித்து வைத்திருந்தார்.

அவரோடு பத்தொன்பது வருஷமாக வேலை பார்த்தவன் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. கலவை போடுவான், கல் அறுப்பான், பதிப்பான், இடைவெளிக்குப் பூச்சும் பூசுவான். வரிசை நேராக இருக்கிறதா என்று சொல்கிற உரிமை மட்டும் அவனுக்குக் கிடையாது. அந்த இலாகாவை மாமா யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை. அதனால் அவன் தன் பைக்குள் ஒரு நூல்கண்டையும் தரை மட்டம் பார்க்கிற ரசமட்டத்தையும் ஒளித்து வைத்திருந்தான். மாமா டீ குடிக்கப் போகிற நேரம் பார்த்து, திருட்டுத்தனமாக எடுத்து அளந்து பார்த்துவிட்டு மறுபடி பைக்குள் போட்டுக்கொள்வான். இந்த ரகசியம் மாமாவுக்கும் தெரியும். தெரியாத மாதிரி நிதானமாக டீ குடிப்பார்.

கோளாறு முதலில் மின்னலாக வந்தது. வலது கண்ணின் ஓரத்தில், யாரோ பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கிற மாதிரி பளிச் பளிச்சென்று வெட்டியது. பக்கத்துக் கட்டடத்தில் வெல்டிங் நடக்கிறது என்று அவரே காரணம் கண்டுபிடித்தார். அங்கே வெல்டிங் முடிந்து பெயின்டே அடித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். இரண்டு நாள் கழித்துக் கொசுக்கள் வந்தன. கறுப்புக் கறுப்பாகக் கண்முன் மிதந்தன. வெறும் காற்றைக் கையால் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, ஜன்னலுக்கு வலை போடவில்லை என்று மனைவியைக் கடிந்துகொண்டார். ஜன்னலில் வலை போட்டு மூன்று வருஷம் ஆகிறது என்று அவள் காட்டினாள். அப்படியானால் வலையில் ஓட்டை இருக்கும் என்றார்.

அதற்கடுத்த வாரம் மூக்குப் பக்கமாக, கீழ் மூலையில் ஒரு நிழல் தட்டியது. கண்ணாடி ஃபிரேம் இறங்கிவிட்டது என்று நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டார். கடைக்காரர் ஃபிரேமை நிமிர்த்தினார், மூக்குப் பிடியை மாற்றினார். நிழல் அப்படியே இருந்தது. ஃபிரேமில் ஒன்றும் இல்லை, கண் டாக்டரிடம் இன்றைக்கே போங்கள் என்று அந்த நல்ல மனிதர் சொன்னார். தன் வேலைக் கண்ணைப் பற்றி ஒரு கண்ணாடிக் கடைக்காரர் அபிப்பிராயம் சொல்வதா என்று மேஸ்திரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அந்தக் கடைப்பக்கமே இனி தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

வேலை நடந்தது ஒரு கணக்கு டீச்சர் வீட்டு ஹாலில். வெள்ளை டைல்ஸ், இரண்டடிக்கு இரண்டடி, நடுவில் மயிரிழை இடைவெளி. அதில் கொஞ்சம் பிசகினாலும் ஊருக்கே தெரிந்துவிடும். மைத்துனன் மூன்றாவது வரிசையைப் பதித்து முடித்துவிட்டு ஒதுங்கினான். மேஸ்திரி படுத்தார், இடது கண்ணை மூடினார், பார்த்தார். வரிசை நடுவில் தொப்பை போட்டிருந்தது.

தட்டச் சொன்னார், தட்டினான். தொப்பை போகவில்லை. இன்னும் தட்டச் சொன்னார். மைத்துனன் பொறுமையாக எழுந்து போய், பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக மாமா கண்ணெதிரிலேயே நூலை எடுத்துக் கட்டினான். நூல் வரிசையை ஒட்டி நின்றது. மேஸ்திரி அதையும் படுத்துப் பார்த்துவிட்டு, நூல் தொய்கிறது என்றார். நேர் பார்க்கிற அலுமினியக் கட்டையை வைத்துக் காட்டினான். கட்டை வெயிலில் கிடந்து வளைந்துவிட்டது என்றார். அந்த ஹாலில் அன்றைக்கு வளையாமல் இருந்தது மேஸ்திரி ஒருவர்தான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வீட்டுக்கார டீச்சர் நிற்கிறார், பெயின்டர்கள் நிற்கிறார்கள், குழாய் வேலைக்காரர் நிற்கிறார். அத்தனை பேர் முன்னாலும் மைத்துனனைப் பார்த்துச் சொன்னார்.

“பத்தொம்போது வருஷமா கூடவே சுத்துற, இன்னும் கண்ணு வரலையே உனக்கு. அக்கா வீட்டுச் சோத்துக்குத்தானே வந்தே.”

மைத்துனன் கலவை பூசுகிற கரணையைத் தண்ணீரில் கழுவினான், துடைத்தான், நூலைச் சுற்றிப் பைக்குள் வைத்தான், போய்விட்டான். பெயின்டர்கள் பார்க்காத மாதிரி சுவரைத் தேய்க்க ஆரம்பித்தார்கள். மேஸ்திரிக்கு வார்த்தை விழுந்த அந்த நிமிஷமே உள்ளே சுருக்கென்றது. ஆனால் வீம்பு என்று ஒன்று இருக்கிறதே. மூன்று வரிசையைப் பெயர்த்துப் போட்டுவிட்டுத் தானே ஒற்றை ஆளாக மறுபடி பதித்தார். ஒவ்வொரு கல்லையும் படுத்துப் பார்த்துத் தட்டினார். சாயங்காலம் பார்த்தபோது வரிசை நூல் பிடித்தாற்போல் இருந்தது.

மறுநாள் காலை அவர் போனபோது டீச்சர் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே கால் வைக்கவில்லை. பெரிய மனுஷி, எடுத்தவுடன் குற்றம் சொல்லத் தெரியாதவர்.

“மேஸ்திரி, இது டிசைனா?” என்று கேட்டார்.

எது என்று கேட்டார் மேஸ்திரி. டீச்சர் உள்ளே போய், வகுப்பில் கரும்பலகையில் கோடு போடுகிற நீள மர ஸ்கேலை எடுத்து வந்து வரிசையின் ஓரத்தில் வைத்தார். நடுவில் விரல் நுழைகிற இடைவெளி. ஸ்கேல் வளைந்திருக்கிறது என்றார் மேஸ்திரி. இருபது வருஷமாக இந்த ஸ்கேலால்தான் நேர்கோடு போடுகிறேன், இதுவரை ஒரு பிள்ளையும் குறை சொன்னதில்லை என்றார் டீச்சர். மேஸ்திரி விறுவிறுவென்று படுத்தார், இடது கண்ணை மூடினார். அவர் பார்வைக்கு வரிசை அம்சமாக நேராக இருந்தது.

அந்த நேரத்தில் வலது கண்ணில் சிமெண்ட் தூசி விழுந்தது. கண்ணை மூடித் தேய்த்துக்கொண்டே, வேறு வழியில்லாமல் இடது கண்ணைத் திறந்தார். தரையில் மூன்று வரிசை டைல்ஸ் நெளிந்துகொண்டு கிடந்தது. வலதைத் திறந்து இடதை மூடினார்: நேர். மாற்றினார்: நெளிசல். மறுபடி மாற்றினார். தரையில் படுத்தபடி ஒரு மேஸ்திரி தன்னைப் பார்த்து மாற்றி மாற்றிக் கண்ணடிக்கிறாரே என்று டீச்சர் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

எழுந்து உட்கார்ந்த மேஸ்திரிக்கு அப்போது தன் கண் நினைவுக்கு வரவில்லை, கரணையைக் கழுவித் துடைத்த ஒரு கைதான் நினைவுக்கு வந்தது. நடந்ததை அரைகுறையாகச் சொன்னார். டீச்சருக்குக் கேட்டவரைக்கும் போதும். வண்டியை வரவழைத்து அவரை ஏற்றி, போகிற வழியில் அவர் மனைவியையும் ஏற்றிக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். விழித்திரை டாக்டரம்மா ஒல்லியாக, பள்ளிக்கூடம் படிக்கிற பெண் மாதிரி இருந்தார். கேள்விகள் மட்டும் போலீஸ்காரர் கேட்கிற மாதிரி வந்தன. எந்த வயதிலிருந்து கண்ணாடி? ஏழு. கண்ணில் அடிபட்டதுண்டா? ஆறு வருஷத்துக்கு முன்னால் கல் அறுக்கும்போது ஒரு சில்லு தெறித்து வலது கண்ணில் அடித்தது. பாதுகாப்புக் கண்ணாடி போடவில்லையா? அதைப் போட்டால் கோடு சரியாகத் தெரியாது. கண்புரை ஆபரேஷன் செய்ததுண்டா? இல்லை. சர்க்கரை உண்டா? கிடையாது என்று பரிசு வாங்கிய மாதிரி சொன்னார். நல்லது, இருந்திருந்தால் ரத்தக் குழாய் கசிந்து விழித்திரை வேறு வழியில் கெடும், உங்களுக்கு இருக்கிற வழியே போதும் என்றார் டாக்டரம்மா. வீட்டில் வேறு யாருக்காவது பவர் அதிகமா என்று கேட்டபோது மனைவி முந்திக்கொண்டாள். மகள் வெளியூரில் படிக்கிறாள், மைனஸ் எட்டு, அப்பா எழுதி வைத்த சொத்து அது ஒன்றுதான் என்றாள். அவளையும் உடனே காட்டச் சொன்னார் டாக்டரம்மா.

பிறகு ஒரு படத்தை வைத்து விளக்கினார். கண்ணின் உள்சுவரில் மெல்லிய சவ்வாக ஒட்டியிருப்பது விழித்திரை. மைனஸ் அதிகமான கண் நீளமாக இருக்கும். அந்த நீளத்துக்கு இழுபட்டு விழித்திரை அங்கங்கே நைந்துபோகும். உள்ளே நிரம்பியிருக்கிற ஜெல்லி வயதாக ஆகச் சுருங்கும்போது நைந்த இடத்தைப் பிடித்து இழுத்துக் கிழிக்கும். அப்போது தெரிவதுதான் மின்னல், மிதப்பதுதான் கொசு. கிழிசல் வழியாக நீர் அடியில் இறங்கினால் விழித்திரை சுவரைவிட்டு உரிந்துவிடும்.

“அடியில தண்ணி எறங்கி டைல்ஸ் எழும்பிடுச்சு” என்றார் மேஸ்திரி.

டாக்டரம்மா ஒரு கணம் யோசித்துவிட்டு, அதேதான் என்றார்.

“எத்தனை கல்லு?”

“பாதிக்கு மேல. நடுவுல ஒரு புள்ளி இருக்கு, நேரா பாக்கறதுக்கு அதுதான். நேத்தோ முந்தாநாளோ அதுவும் எழும்பிடுச்சு. மின்னல் வெட்டுன அன்னைக்கே வந்திருந்தீங்கன்னா லேசர்லயே முடிஞ்சிருக்கும்.”

மனைவி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் வெல்டிங், கொசுவலை, கண்ணாடிக் கடை எல்லாம் வரிசையாக இருந்தன. மேஸ்திரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பிழைப்பு அதில் இருந்தது.

“நேர்கோடு நேரா தெரியுமா டாக்டரம்மா?”

“ஒட்ட வச்சிடலாம், பத்துல ஒம்போது பேருக்கு முதல் ஆபரேஷன்லயே ஒட்டிக்கும். கோடு எப்படித் தெரியும்னு இப்ப வாக்குக் கொடுக்க மாட்டேன்.”

இப்படி வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவரிடம்தான் கண்ணைக் கொடுக்க முடியும் என்று மேஸ்திரிக்குத் தோன்றியது. இடது கண்ணிலும் இரண்டு இடம் நைந்திருக்கிறது, அதைச் சுற்றி லேசரால் வேலி போட்டுவிடலாம் என்றார்கள். அதற்கும் தலையாட்டினார்.

மறுநாள் காலை ஆபரேஷன். கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரத்துப்போக வைத்தார்களே தவிர, ஆள் விழித்துத்தான் இருந்தார். கண்ணின் வெள்ளைப் பகுதியில் மூன்று சின்னத் துளை போட்டு, ஜெல்லியை எடுத்துவிட்டு, அடியில் இறங்கிய நீரை உறிஞ்சி, விழித்திரையைச் சுவரோடு படிய வைத்து, கிழிசலைச் சுற்றி லேசரால் சுட்டு, கடைசியில் கண்ணுக்குள் வாயுவை நிரப்பினார்கள். கலங்கிய தொட்டிக்குள் யாரோ குச்சி விட்டுத் துழாவுகிற மாதிரி தெரிந்தது என்று பிறகு வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். நடுவில், ஒட்டுவதற்குப் பசை என்ன போடுகிறீர்கள் என்று விசாரித்தார். பேசினால் தலை ஆடும் என்று டாக்டரம்மா ஒரு அதட்டுப் போட்ட பிறகுதான் வாய் மூடியது. முப்பத்திரண்டு வருஷத்தில் வேலை நடக்கும்போது அவரை யாரும் அதட்டியதில்லை.

உண்மையான கூத்து அதற்கு அப்புறம்தான். உள்ளே இருக்கிற வாயு மேலே எழும்பும். முகத்தைக் கவிழ்த்தே வைத்திருந்தால்தான் அது விழித்திரையை அழுத்திப் பிடிக்கும், லேசர் சுட்ட இடம் இறுகும். ஏழு நாள், சாப்பிடும்போதும் தூங்கும்போதும் குனிந்த தலை நிமிரக் கூடாது. இது மேஸ்திரிக்குச் சொல்லாமலே புரிந்தது. புதுத் தரையில் கலவை இறுகுவதற்குள் யாராவது நடந்தால் வீட்டுக்காரர் என்றும் பார்க்காமல் சத்தம் போடுகிறவர் அவர். புரிந்தது வேறு, கிடப்பது வேறு. மார்புக்கடியில் இரண்டு தலையணை, நெற்றிக்கு ஒன்று, முகம் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு, பார்க்கக் கிடைத்ததெல்லாம் தன் வீட்டுத் தரை.

அந்தத் தரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஊரார் வீட்டுக்கெல்லாம் கண்ணாடி மாதிரி தரை போட்டவர், சொந்த வீட்டில் வேலைக்கு வேலை மிஞ்சிய கற்களைக் கொண்டுவந்து ஒட்டியிருந்தார். ஒரு மூலையில் பச்சை, நடுவில் பழுப்பு, கட்டிலுக்கடியில் யாரோ வேண்டாமென்ற ரோஸ். மனைவி பதினைந்து வருஷமாகச் சொல்லிவந்த புகாரை இப்போது அவரே நேரில் பரிசீலித்தார். கண்ணாடி மாட்டிய இடது கண்ணால், ஒரு முழத் தூரத்திலிருந்து, ஏழு நாள். இரண்டாம் நாளே, இதை எந்த மடையன் பதித்தான் என்று கேட்டார். மனைவி பெருக்கிக்கொண்டே, எனக்குத் தெரிந்த மடையன்தான் என்றாள்.

அவளிடம் இன்னொன்றையும் கேட்கப் பார்த்தார், வாய் வரவில்லை. மூன்றாம் நாள் ஒருவழியாக, உன் தம்பி வந்தானா என்று தரையைப் பார்த்துக் கேட்டார். அவள் பெருக்குவதை நிறுத்தினாள். அவளுக்கு ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் தம்பி. இரண்டு பேருக்கும் சோறு போட்டவள் அவள்தான். அந்தச் சோற்றை எடுத்து அவன் முகத்தில் எறிந்துவிட்டு வந்தவர் இவர்.

“நான் போய்க் கூப்பிட மாட்டேன். பேசுனது உங்க வாய்” என்றாள்.

மேஸ்திரிக்கு அழுகை வந்தது. அழுதால் கண்ணுக்கு ஆகுமா ஆகாதா என்று டாக்டரம்மாவைக் கேட்க மறந்துவிட்டோமே என்று பயந்து அடக்கிக்கொண்டார்.

குனிந்தே கிடப்பவருக்கு மனிதர்கள் எல்லாம் பாதங்கள்தான். மனைவியின் வெடித்த குதிகால், பக்கத்து வீட்டுக்காரரின் ரப்பர் செருப்பு, பழம் வாங்கி வந்த டீச்சரின் கறுப்பு ஷூ. ஐந்தாம் நாள் மத்தியானம் இரண்டு பாதங்கள் வந்து கட்டிலோரம் நின்றன. விரலிடுக்கில் காய்ந்த சிமெண்ட். இடது கட்டை விரல் நகம் கறுத்திருந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பெட்டி டைல்ஸ் விழுந்த இடம். பெட்டியைக் கைதவற விட்டவர் மேஸ்திரிதான்.

மேஸ்திரிதான் பேச்சை ஆரம்பித்தார்.

“தலையைத் தூக்கக் கூடாதுன்னுட்டாங்க மாப்ள.”

“டீச்சர் சொன்னாங்க மாமா. நானும் வரணும்னுதான்...” என்று அவன் இழுத்தான். “கண்ணு கோளாறுல பேசுனதுதானே. விடுங்க.”

மேஸ்திரிக்கு அந்தச் சமாதானத்தைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிட ஆசையாகத்தான் இருந்தது.

“கண்ணுக்குத்தான் கோளாறு. வாய் நல்லாத்தானே இருந்துச்சு. அது தப்பு மாப்ள.”

மைத்துனன் மெல்ல உட்கார்ந்தான், மல்லாந்து படுத்தான், அப்படியே நகர்ந்து கட்டிலோரத்தில் தலையைக் கொண்டுவந்து மாமாவின் முகத்துக்கு நேர் கீழே வைத்தான். இரண்டு முகத்துக்கும் நடுவில் ஒரு சாண். கார் ரிப்பேர் பார்க்கிறவன் மாதிரி கீழேயிருந்து பார்த்துவிட்டு, கண் நன்றாகச் சிவந்திருக்கிறது மாமா என்றான். அவன் கண்ணும் சிவந்துதான் இருந்தது. மேஸ்திரி அதைச் சொல்லவில்லை. உள்ளே வந்த மனைவி இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு பேருக்கும் அங்கேயே டீயை வைக்கட்டுமா என்று கேட்டாள்.

ஏழு நாள் முடிந்து நிமிர்ந்தபோது வலது கண்ணில் ஒரு நீர்மட்டம் தளும்பிக்கொண்டிருந்தது. வாயு கரையக் கரைய நீர் ஊறும், இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு கோடு நிற்கும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். விமானம் ஏறக் கூடாது, உயரத்தில் வாயு விரிந்து கண்ணை நெருக்கும் என்றும் எச்சரித்தார். அவர் ஏறிய அதிகபட்ச உயரம் கட்டடச் சாரம் என்பதால் அதில் பிரச்சினை வரவில்லை. ஆனால் தலையை எப்படிச் சாய்த்தாலும் அந்தக் கோடு மட்டத்திலேயே நின்றதைக் கண்டுபிடித்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணுக்குள்ளேயே ரசமட்டம். சமையலறை அலமாரி இடப்பக்கம் இறங்கியிருக்கிறது, காலண்டர் சாய்ந்திருக்கிறது, பக்கத்து வீட்டு மதில் மோசம் என்று உட்கார்ந்த இடத்திலிருந்து தீர்ப்புச் சொன்னார். கொஞ்ச நாளில் மகளிடமிருந்து போன் வந்தது: அவளுக்கும் ஒரு கண்ணில் சின்னக் கிழிசல், வலி ஒன்றும் இல்லை, லேசர் போட்டு அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். மேஸ்திரி போனை வைத்துவிட்டு வெகுநேரம் யாரையும் எதுவும் குறை சொல்லாமல் இருந்தார்.

ஆறாவது வாரம் வாயு ஒரு சின்ன உருண்டையாகி, ஒரு நாள் காலை இல்லாமலே போயிற்று. மேஸ்திரி எழுந்ததும் இடது கண்ணை மூடிக்கொண்டு வாசல் நிலையைப் பார்த்தார். வெளிச்சம் நன்றாக இருந்தது, நிறம் நன்றாக இருந்தது, நிழல் போயிருந்தது. நிலைச்சட்டம் மட்டும் நடுவில் லேசாக வளைந்து நின்றது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். சட்டம் வளைந்தே நின்றது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விழித்திரை அருமையாக ஒட்டிவிட்டது என்றார். கட்டம் போட்ட ஒரு அட்டையைக் காட்டினார். கட்டங்கள் நடுவில் பிதுங்கியிருப்பதாக மேஸ்திரி தாழ்ந்த குரலில் சொன்னார். இன்னும் சில மாதத்தில் கொஞ்சம் குறையலாம், முழுசாகப் போகும் என்று சொல்ல முடியாது, நடுப்புள்ளி விலகிய கண் அப்படித்தான் என்றார். மனைவி வெளியே நாற்காலியில் காத்திருந்தாள். மேஸ்திரி அவளிடம் சூப்பராகத் தெரிகிறது என்றார். வீட்டில் அதையே சொன்னார், மைத்துனனிடமும் அதையே சொன்னார். சொன்னதைக் கேட்டு எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அவருக்குத்தான் சோறு இறங்கவில்லை. கண் போன மேஸ்திரிக்கு இந்தத் தொழிலில் என்ன வேலை இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தார். கலவை குழைக்கலாம்.

டீச்சர் வேறு ஆளைக் கூப்பிடாமல் ஹாலை அப்படியே விட்டு வைத்திருந்தார். பள்ளிக்கூட நோட்டுகளைச் சமையலறையில் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தார். வேலை மறுபடி தொடங்கிய அன்று, மேஸ்திரி நெளிய விட்ட மூன்று வரிசையையும் மைத்துனன் பெயர்த்தான். புதுக் கலவை போட்டு முதல் வரிசையைப் பதித்தான். பாதுகாப்புக் கண்ணாடி மாட்டியிருந்த மேஸ்திரி கல் எடுத்துக் கொடுத்தார். வரிசை முடிந்ததும் அவன் வழக்கம்போல் ஒதுங்கி நின்றான். நூலும் ரசமட்டமும் அவன் பைக்குள்ளேயே இருந்தன.

“பாருங்க மாமா” என்றான்.

மறுபடி வேலைக்கு வந்திருந்த பெயின்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் சமையலறை வாசலுக்கு வந்தார். மேஸ்திரி முழங்காலை மடக்கி, கையை ஊன்றி, பழைய மாதிரியே கன்னத்தைத் தரையோரம் சாய்த்தார். இடது கண்ணை மூடினார். வரிசை நடுவில் தொப்பை போட்டிருந்தது. இடதைத் திறந்து வலதை மூடிப் பார்த்தார். நேராக இருக்கிற மாதிரிதான் இருந்தது. ஆனால் சோறு தின்னவும் சண்டை போடவும் பழகிய கண், அதற்கு ஒரு நூல் வித்தியாசம் பிடிபடாது. சரியாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை.

“எனக்கு வளைஞ்சு தெரியுது மாப்ள” என்றார். “இனிமே இப்படித்தானாம். நீ பாத்துச் சொல்லு.”

மைத்துனன் நூல் இருந்த பையை நோக்கிக் கையை நீட்டினான், பிறகு நீட்டிய கையை எடுத்துக்கொண்டான். மாமாவுக்குப் பக்கத்திலேயே தரையில் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வரிசையின் ஓரத்தைப் பார்த்தான். அவசரப்படவில்லை.

“நாலாவது கல்லு ஒரு நூல் வெளியே நிக்குது மாமா.”

மேஸ்திரி ரப்பர் சுத்தியை எடுத்துக்கொண்டு நாலாவது கல்லுக்கு நகர்ந்து போய், அவன் போதும் என்று சொல்கிற வரைக்கும் தட்டினார்.